பூட்டிய அரங்கில் ஒரு மனநலக் கூட்டம்

நம் அரசியல் அறிவியல் துறையில் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

இந்தப் பருவத்தில் நடக்கப்போகும் கருத்தரங்குகள், மனநல அமர்வுகள் எல்லாவற்றையும் அழகாகப் பட்டியல் போட்டு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தீர்கள். "உங்க அனுபவத்துல இருந்து நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க மேடம், துறை மலர்ல போடறோம்" என்றும் கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்ற துறைத் தலைவரிடம் வாழ்த்துரை எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு வாழ்த்தத் தெரியாது என்று உங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டியலில் தலைப்புகள் நன்றாக இருக்கின்றன. கூட்டாட்சி பற்றி ஒன்று, உள்ளாட்சித் தேர்தல் பற்றி ஒன்று. மனநலத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமைகள். பேச வருபவர்களும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே மதியம் இரண்டு மணி என்று போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் கல்லூரியில் வகுப்பு ஒன்றேகாலுக்கு முடிகிறது. அதற்குப் பிறகு நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று விசாரித்தீர்களா? நீங்கள் வெளியூர்க்காரர்கள். முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டே தூங்குகிற பெண்ணைப் பார்த்து, இரவெல்லாம் கைப்பேசி நோண்டியிருக்கிறாள் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அவள் முந்தின நாள் மதியத்திலிருந்து ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்திருப்பாள். கல்லூரி வாசலில் ஒன்றே முக்காலுக்கு வந்து நிற்கும் வேன்கள் எதற்கு என்று ஒருநாள் போய்ப் பாருங்கள்.

அடுத்து, நம் தொழிலின் பெரிய வியாதி ஒன்றைச் சொல்ல வேண்டும். அரங்கம் நிறைந்திருக்க வேண்டும் என்கிற வியாதி அது. பேச வருகிறவர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிடக் கூடாது. புகைப்படத்தில் கடைசி வரிசை வரைக்கும் தலைகள் தெரிய வேண்டும். தேதியும் இடமும் பதிவான அந்தப் புகைப்படம் கோப்பில் ஏறும். தர மதிப்பீட்டுக் குழு வரும்போது கோப்புதான் பேசும், நாம் பேச வேண்டியதில்லை. அரங்கை நிறைக்க நாங்கள் செய்யாத கோமாளித்தனம் இல்லை. ஒருமுறை ஊராட்சி நிதி பற்றிய கருத்தரங்குக்கு வேதியியல் துறையிலிருந்து நாற்பது பேரைக் கூட்டி வந்து உட்கார வைத்தோம். பேச்சு முடிந்து கேள்வி கேட்கலாம் என்றதும் ஒரு பையன் எழுந்து, "சார், எங்களுக்கு லேப் இருக்குதுங்க, போலாங்களா?" என்றான். பேச்சாளர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

எனக்கு முன்பு துறைத் தலைவராக இருந்தவர் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. ஒன்பது பேர் வந்தாலும் நடத்துவார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு, "வந்தவங்களுக்குத்தானுங்க கூட்டம், வராதவங்களுக்கு எதுக்கு?" என்பார். அவருக்குக் கோப்பு ஒழுங்காக வைக்கத் தெரியாது என்று பின்னால் பேசிக்கொள்வோம். அதிகமாகப் பேசியது நான்தான்.

நான் பொறுப்புக்கு வந்த பிறகு கொண்டுவந்த ஏற்பாடு கதவைப் பூட்டுவது. நம் அரங்கத்துக்கு ஒரே வாசல், அதற்கு இழுத்துச் சாத்தும் கிரில் கதவு. வருகைப்பதிவு எடுத்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள். அதனால் பதிவு முடிந்ததும் காவலாளி ராசண்ணன் கதவை இழுத்துப் பூட்டிவிட வேண்டும், கூட்டம் முடிந்து நான் சைகை காட்டினால்தான் திறக்க வேண்டும். கைப்பேசிகளை வாசலிலேயே ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மற்ற துறைக்காரர்கள் வந்து பார்த்து, "எப்படிங்க மேடம் உங்க கூட்டத்துல மட்டும் ஒருத்தரும் எந்திரிக்கறதில்ல?" என்று கேட்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

இப்போது சுனிதாவைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவி. பெற்றோர் பீகாரிலிருந்து அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை, குடியிருப்பு மங்கலம் ரோட்டில் ஒற்றை அறை லைன் வீடு. பள்ளியெல்லாம் இங்கேதான், தமிழ்வழி. அம்மாவிடம் இந்தியில் சண்டை போட்டுவிட்டு அதே மூச்சில் நம்மிடம் திரும்பி, "ஊட்ல கொஞ்சம் பிரச்சனைங்க மேடம், அதான் லேட்டாயிப்போச்சு" என்பாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் பக்கத்துப் பொங்கலூர்த் தோட்டத்து வீட்டுப் பெண் என்றுதான் சொல்வீர்கள். அக மதிப்பெண்ணில் வகுப்பிலேயே முதல் அவள்தான். படித்ததை ஒப்பிக்க மாட்டாள், படித்ததை வைத்து நம்மை மடக்குவாள். என் இத்தனை வருட வேலையில் அப்படி நான்கைந்து பேர்தான் கிடைத்தார்கள்.

அவள் மதியத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் பிசகு பார்த்துத் தள்ளுவது. பொதுவாகக் கம்பெனிகளில் முழு ஷிப்ட் ஆட்களைத்தான் எடுப்பார்கள். இவளுக்கு மட்டும் மதியம் வந்தால் போதும் என்று அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மா ஒருவர் முதலாளியிடம் பேசி வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த அரை ஷிப்ட் இருக்கிறவரைக்கும்தான் அவள் காலையில் கல்லூரிக்கு வர முடியும். வீட்டில் மூன்று பேர் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கிற நிலைமை. அரை ஷிப்ட் போனால் முழு ஷிப்ட், முழு ஷிப்ட் என்றால் படிப்பு இல்லை. இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும்.

மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று கல்லூரியே பரபரத்துக்கொண்டிருந்த வருடம். நான் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சி வைத்தேன். பதினொரு மணிக்குப் புலம்பெயர்ந்த தொழிலாளர்களும் வாக்குரிமையும் என்று கருத்தரங்கு. மதியம் இரண்டு மணிக்கு 'மனமே மலர்க' என்று மாணவர் மனநல அமர்வு. ஒரே ஃபிளெக்ஸில் இரண்டையும் போட்டாகிவிட்டது. நடுவில் தக்காளி சாதப் பொட்டலம்.

கருத்தரங்கு நன்றாகவே போனது. பேச்சாளர் முடித்ததும் சுனிதா எழுந்தாள். "சார், எங்கப்பா ஓட்டு இன்னும் பீகார்லதான் இருக்குதுங்க. தேர்தலுக்குப் போக லீவு கெடைக்காது. இங்க இருபது வருஷமா இருக்காரு. ஓட்டுப் போடாமயே வயசாயிருச்சுங்க. அவரை எந்த ஊர்க் கணக்குலங்க சேத்தறது?" என்று கேட்டாள். பேச்சாளர் அந்தக் கேள்வியைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அப்படியொரு பூரிப்பு. இவளை மதியமும் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும், இரண்டு வார்த்தை பேசச் சொல்லிப் படம் எடுக்க வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் அவள் என் அறைக்கு அனுமதிக் கடிதத்தோடு வந்தாள்.

"மேடம், எனக்கு வேனுக்கு நேரமாச்சுங்க. இன்னைக்கு ஷிப்மெண்ட் இருக்குதுங்க. கண்டிப்பா வரோணும்னு சொல்லியிருக்காங்க."

"எல்லாரும் இப்படியே சொன்னா அரங்கத்துல யாரு உக்கார்றது? உங்க மனசு நல்லா இருக்கோணும்னுதானம்மா இந்தக் கூட்டமே."

"மனசு நல்லாத்தானுங்க இருக்குது மேடம். ஷிப்ட்டுக்குத்தான் நேரமாகுது."

அதற்கு முன்பே மூன்று பேருக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன். அவர்கள் சுமாராகப் படிக்கிறவர்கள். இருந்தாலும் போனாலும் புகைப்படத்துக்கு நஷ்டமில்லை என்று என் புத்தி கணக்குப் போட்டிருந்தது. இவளை அனுப்ப மனம் வரவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள், அவள் என் செல்ல மாணவி என்பதற்காகத்தான் அவளை மட்டும் நிறுத்தினேன்.

"ஒரு மணி நேரம்தான். மூணு மணிக்கு நானே ஆட்டோ வெச்சு அனுப்பறேன்" என்றேன். கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டேன். அவள் "சரிங்க மேடம்" என்று போனாள்.

மனநல ஆலோசகர் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். வழியில் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, இரண்டே முக்காலுக்குத்தான் வந்தார். அதுவரை பிள்ளைகள் பூட்டிய அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ராசண்ணன் கிரில் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், அந்த முன்வரிசைப் புள்ள ரெண்டு மூணு தடவ வந்து பூட்டத் தொட்டுப் பாத்துட்டுப் போகுதுங்க. பெட்டியில போனும் அடிச்சுக்கிட்டே இருக்குது. சித்த தொறந்து உடட்டுங்களா?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஒருத்தியை விட்டால் பின்னாலேயே இருபது பேர் எழுந்து வருவார்கள். பேச்சாளர் நுழையும்போது பாதி அரங்கம் காலியாக இருக்கும். "உங்க வேலையப் பாருங்க ராசண்ணா" என்றேன். வயதில் மூத்தவர் அவர். தலையைக் குனிந்துகொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆலோசகர் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்கினார். குரலிலேயே கனிவு இருந்த பெண்மணி. அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர் உள்ளே வந்த பிறகு கதவை மறுபடி பூட்டியது அவருக்குத் தெரியாது. எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னார். உங்களுக்கு மிகவும் பிடித்த இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், உங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை என்றார்.

நான் வரிசைகளுக்கு நடுவே நடந்து கண்காணித்துக்கொண்டிருந்தேன். தேர்வு மேற்பார்வை செய்து பழகிய கால்கள். சுனிதா மட்டும் கண்ணை மூடவில்லை. மேடைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகே போய்த் தோளைத் தொட்டு, கண்ணை மூடு என்று சைகை காட்டினேன். மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

ஆலோசகர் அதைக் கவனித்துவிட்டார். மிகவும் மென்மையாக, "அழுகை வந்தா அடக்காதீங்க, உள்ளே இருக்கறது வெளியே வரட்டும்" என்றார். புகைப்படம் எடுக்க வந்திருந்தவர் பக்கத்தில் குனிந்து இரண்டு மூன்று படம் எடுத்தார். அமர்வு பலித்துவிட்டது என்று எனக்கு மனம் குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது. அந்த வார்த்தையை மாற்றி எழுத எத்தனையோ முறை பார்த்தேன், வேறு வார்த்தை பொருந்தவில்லை. அந்தப் படம் அறிக்கையின் முதல் பக்கத்தில் போனது.

கூட்டம் முடிய நான்கு மணி தாண்டிவிட்டது. ராசண்ணன் பூட்டைத் திறப்பதைப் பார்த்த ஆலோசகர் என் பக்கம் திரும்பி, "பூட்டியா வெச்சிருந்தீங்க மேடம்?" என்று கேட்டார். "நாய் உள்ளே வந்துருதுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. சால்வையை வாங்கிக்கொண்டு போனார். நான் அவரைக் காரில் ஏற்றிவிட்டு வருவதற்குள் சுனிதா ஓடிவிட்டிருந்தாள். ஆட்டோ வைத்து அனுப்புகிறேன் என்று சொன்னது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தோழி ஒருத்தியைக் கேட்டபோது, "அவ ஃபுல் ஷிப்ட் போறாளுங்க மேடம். இனி காலேஜுக்கு வர மாட்டான்னு நெனைக்கறேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கம்பெனிக்குப் போனேன். வாசலில் காத்திருக்கச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் அந்த மேற்பார்வை அம்மா வந்தார், எல்லோரும் சரசக்கா என்று கூப்பிட்டார்கள். நான் யார் என்று சொன்னதும் உட்கார நாற்காலி போடச் சொன்னார்.

"ஏனுங்க மேடம், அன்னைக்கு எத்தனை தடவ போன் போட்டேன் தெரியுங்களா? எடுக்கவே இல்லீங்க. கண்டெய்னர் வந்து நிக்குது, டேபிள்ல ஆள் பத்தல. மொதலாளி என்னையத்தான் கேட்டாரு. 'உன்ற பேச்சக் கேட்டுத்தான அரை ஷிப்ட் குடுத்தேன்'னாரு. நான் என்னத்தச் சொல்றதுங்க? அப்பறம் அந்தப் புள்ள அஞ்சு மணிக்கு ஓடியாந்துச்சு. மொதலாளி ஒரே வார்த்தை. முழுசா வந்தா வரட்டும், இல்லாட்டி நிக்கட்டும்னுட்டாரு." பிறகு குரல் தாழ்த்திக் கேட்டார். "மனசு நல்லா இருக்கறதுக்குக் கூட்டம் போட்டீங்களாமா? அந்தப் புள்ளைக்குக் காலேஜுக்கு வர்றதுதானுங்க மனசுக்கு நல்லா இருந்துச்சு."

தேநீர் இடைவேளையில் ஐந்து நிமிடம் சுனிதாவைப் பார்க்க விட்டார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மேடம், டீ சாப்புடறீங்களா?" என்றாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயில் வந்ததோ வேறு. வருகைக் குறைவுக்கு விலக்கு வாங்கித் தருகிறேன், தேர்வு எழுத மட்டும் வா என்றேன். சரிங்க மேடம் என்றாள். அன்றைக்கு என் அறையில் சொன்ன அதே சரிங்க மேடம். மணி அடித்ததும் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விலக்கு வாங்கினேன். முதல்வரிடம் நின்று, பல்கலைக்கழகத்துக்கு எழுதி, நுழைவுச்சீட்டும் வரவழைத்தேன். தேர்வு காலையில், அவளுக்கு ஷிப்ட்டும் காலையில். இரண்டு தாளுக்கு வந்தாள். மீதி நான்குக்கும் அவள் இருக்கை காலி. ஒவ்வொரு நாளும் அந்த இருக்கைக்கு எதிரே வரவில்லை என்று நானே சிவப்பு மையில் எழுதினேன். பிறகும் இரண்டு முறை கம்பெனிக்குப் போனேன். முதல் முறை அவளுக்கு வேலை இருக்கிறது என்றார்கள். அடுத்த முறை போனபோது வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள், எது என்று தெரியாது என்றார்கள். லைன் வீட்டையும் காலி செய்திருந்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ரொம்பக் கொஞ்சம். கூட்டத்தைப் பன்னிரண்டு மணிக்கு வையுங்கள், ஒரு வகுப்பு போனால் போகட்டும். கதவைத் திறந்து வையுங்கள். எழுந்து போகிற பிள்ளை எங்கே போகிறது என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வழிவிடுங்கள். அனுமதிக் கடிதம் கொண்டுவருகிறவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த பிள்ளைகளை நம் தேவைக்கு வைத்துக்கொள்ள நாம் கூசுவதே இல்லை.

இத்தோடு முடித்தால் எனக்கு மரியாதையாக இருக்கும். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மதிப்பீட்டுக் குழு தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, அந்தப் பிள்ளைகள் முடித்துப் போன பிறகுதான் வந்தது. குழுத் தலைவர் வடக்கேயிருந்து வந்த பேராசிரியர், கோப்புகளைப் பொறுமையாகப் புரட்டினார். போன ஆண்டு அக மதிப்பெண்ணில் முதலாவதாக வந்த மாணவி இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டார். பக்கத்தில் முதல்வர் நின்றார், பின்னால் என் துறை ஆசிரியர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"வேலைக்குப் போயிட்டாங்க சார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. எங்கே என்று கேட்டார். ஏற்றுமதி நிறுவனம் என்றேன். என்ன வேலை என்றார். செக்கிங் என்றேன். "தரக் கட்டுப்பாடு! படிப்பு முடித்த கையோடு வேலையா?" என்று கேட்டுவிட்டு, வேலைவாய்ப்பு பெற்ற மாணவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லையே, சேர்த்துவிடுங்கள் என்றார். சார், இந்த வேலையால்தான் அவள் படிப்பு போனது, அதற்குக் காரணம் நான் என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். முப்பது வருடத்துக்கும் மேலாக வகுப்பறையில் நின்று உரிமை, பொறுப்பு, பதில் சொல்லும் கடமை என்று பாடம் நடத்தியவள் நான். பேனாவை எடுத்து அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்களுக்கு நல்ல தரம் கிடைத்தது.

அந்தப் பட்டியல் உங்கள் அறையில் கண்ணாடி அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. வந்த முதல் வாரமே உங்களுக்கு அதைப் பெருமையாகக் காட்டியிருப்பார்கள். அதில் சுனிதா குமாரி என்று இருக்கும். அதை அடித்துவிடுங்கள். ஓய்வு பெறும் நாள்வரை ஒவ்வொரு வருடமும் அந்த அலமாரியைத் திறந்து பார்த்தேன். எனக்குக் கை வரவில்லை.